பாதித் தண்ணீரில் நின்ற கோளம்

இன்று நான் சந்தித்தது எஸ்டிமேட் போடும் ஒருவரை. சொன்னால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அவர் கதையைக் கேட்டுவிட்டு வந்து சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குத் தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். அவர் சொன்னதை அப்படியே, அவர் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

ஆபீஸில் அவருக்கு உருண்டை அக்கா என்று பெயர். ஆளைப் பார்த்தால் ஒட்டடைக்குச்சி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெயர் வந்தது அவர் போடும் டேங்க்கால். ஊருக்கு வெளியே, முள்வேலிக்குள், பத்துக் கால்களில் நிற்கும் ராட்சச வெள்ளைப் பந்துகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது சமையல் எரிவாயு. அழுத்திப் பிடித்தால் வாயு தண்ணீர் மாதிரி திரவமாகிவிடும். அழுத்தம் விட்டால் மறுபடி வாயுவாகிச் சீறும். அந்தச் சீற்றத்தை எந்தப் பக்கமும் ஓரவஞ்சனை இல்லாமல் சமமாகத் தாங்க உருண்டையை விட்டால் வேறு வடிவம் கிடையாது. பெட்டி மாதிரி செய்தால் மூலையில் பிய்த்துக்கொள்ளும்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இந்த உருண்டைகளைத் தாளில் வரைந்து, எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஆள், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, கடைசியில் ஒரு விலை சொல்வதுதான் பத்தொன்பது வருடமாக அவர் வேலை. ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் சுளை சுளையாக வருமே, அப்படித்தான் உருண்டையும். தடித்த இரும்புத் தகட்டை இதழ் இதழாக வெட்டி, அழுத்தி வளைத்து, சைட்டுக்குக் கொண்டுபோய், கிரேனில் தூக்கி ஒட்டவைப்பார்கள். ஒரு இதழ் வெட்டினால் எவ்வளவு கழிவு விழும், ஒரு மீட்டர் ஒட்டுத் தையலுக்கு எத்தனை கிலோ வெல்டிங் கம்பி கரையும், அந்தத் தையலை எக்ஸ்ரே எடுக்க எத்தனை பேர் ஏணி ஏற வேண்டும், வழியில் எந்தப் பாலம் குறுகலானது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில்.

அவருக்கு மேலே இருந்த மேனேஜருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, குறைச்சல் சார். எந்த எஸ்டிமேட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் பக்கத்தைத் திறக்காமலே கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். “இன்னும் கொஞ்சம் குறைக்க முடியாதாம்மா?” என்பார். பொல்லாதவர் இல்லை. டெண்டர் கிடைக்காமல் போனால் ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் சும்மா உட்கார வேண்டும் என்ற பயம் அவருக்கு.

தப்பு நடந்தது ஒரு பெரிய டெண்டரில்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் இருப்பவர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு இது. உருண்டையைச் செய்வது ஒரு கம்பெனி. அது நிற்கும் அஸ்திவாரத்தைப் போடுவது இன்னொரு கம்பெனி. தரைக்குக் கீழே பைல் என்று கான்கிரீட் தூண்களை ஆழத்துக்கு இறக்கி, அதன்மேல்தான் கால்கள் நிற்கும். இரும்பு இவர்கள் பாடு, மண் அவர்கள் பாடு; ஆனால் மண் செலவும் இவர்கள் சொல்லும் விலைக்குள்தான் சேரும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு தாள் போகும். அதைச் சுமைத் தாள் என்பார்கள். மூன்று வரிதான். டேங்க் காலியாக இருந்தால் ஒரு காலுக்கு எத்தனை டன். வாயு நிரம்பினால் எத்தனை டன். தண்ணீர் நிரம்பினால் எத்தனை டன்.

வாயு டேங்க்கில் தண்ணீருக்கு என்ன வேலை என்று தோன்றும். டேங்க் கட்டி முடித்ததும் முதலில் முட்டமுட்டத் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். தையலில் எங்காவது ஓட்டை இருந்தால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். வாயுவை வைத்துச் சோதித்தால் கசியாது, வெடிக்கும். அதனால் தண்ணீர். ஆனால் தண்ணீர் அந்த வாயுத் திரவத்தைப் போல இரண்டு மடங்கு கனம். ஆக ஒரு உருண்டை தன் வாழ்நாளிலேயே மிகப் பெரிய பாரத்தைச் சுமப்பது அந்தச் சோதனை நாட்களில்தான். பிறகு ஆயுசுக்கும் பாதிப் பாரம்.

டெண்டருக்கு நான்கே நாள் இருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் அக்காவும் செய்தார். பழைய வேலை ஒன்றின் ஷீட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, அளவை மாற்றினார். விட்டம் பதினைந்து மீட்டர் என்று போட்டதும் மற்ற எண்கள் தாமாகவே மாறிக்கொண்டன. ஆனால் அந்தப் பழைய டேங்க் சேற்று மண்ணில் நின்றது. தண்ணீர்ப் பாரத்தை அந்த மண் தாங்காது என்று விசேஷ அனுமதி வாங்கி, காற்றை அடைத்துத்தான் சோதித்திருந்தார்கள். அதனால் மூன்றாவது வரியில் இரண்டாவது வரியின் எண்ணையே எடுத்துக்கொள்ளும்படி யாரோ செய்து வைத்திருந்தார்கள். அது யாரோ இல்லை, அக்காவேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் செய்தது, மறந்துபோயிருந்தார்.

டேங்க்கின் சொந்த எடையையும் சேர்த்து, வாயு நிரம்பினால் ஒரு காலுக்கு நூற்றுப் பத்து டன். தண்ணீர் நிரம்பினால், அதே நூற்றுப் பத்து டன். இருநூறு இருந்திருக்க வேண்டும். பார்க்க நேர்த்தியாக இருந்தது தாள். ஒருத்தர் கண்ணையும் உறுத்தவில்லை.

விலை குறைந்தது. எல்லாரையும்விடக் குறைந்தது. குறைச்சல் சார் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாகக் கண்ணாடியை ஏற்றவில்லை. “அஸ்திவாரத்துலயே இவ்வளவு மிச்சம் பிடிச்சிட்டியேம்மா. எப்படி?” என்றார்.

“மண்ணு நல்ல மண்ணு சார்,” என்றார் அக்கா. அப்படித்தான் அவரும் நம்பினார்.

டெண்டர் கிடைத்தது. கேன்டீனில் கேக் வெட்டினார்கள். அந்த வருடத்தின் சிறந்த மதிப்பீட்டாளர் என்று ஒரு சான்றிதழைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வீட்டில் அவர் மகள், பதினான்கு வயது, வாய்த்துடுக்கு, அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “பரவால்லம்மா, உருண்டை போட்டதுக்குப் பரிசு குடுக்கற ஒரே இடம் உங்க ஆபீஸ்தான். எங்க ஸ்கூல்ல பரீட்சைல உருண்டை வாங்கினா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க,” என்றாள்.

ஒன்றரை வருடத்தில் உருண்டை எழுந்து நின்றது.

சோதனை தொடங்கிய மறுநாள் காலை. முந்தைய நாள் காலை ஆறு மணிக்கே சைட்டில் பம்பைப் போட்டுவிட்டார்கள். மணிக்கு முப்பது டன் வீதம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மொத்தம் ஆயிரத்து எழுநூற்று அறுபது டன் பிடிக்கும் என்பதால் இரண்டரை நாள் ஆகும். அக்கா ஆபீஸில் அடுத்த வாடிக்கையாளருக்கான எஸ்டிமேட்டில் இருந்தார். இது சின்ன டேங்க், பதின்மூன்று மீட்டர், எட்டுக் கால். அந்த வாடிக்கையாளர் தன் சொந்தப் படிவத்தில்தான் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும் என்று அடம் பிடித்திருந்தார். பழைய ஷீட்டைத் திறக்க வழியில்லை. முனகிக்கொண்டே கால்குலேட்டரை எடுத்துக் கையால் கணக்குப் போட்டார்.

தண்ணீர் நிரம்பினால் ஒரு காலுக்கு நூற்று அறுபது டன்.

எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவர் நின்றார். பெரிய டேங்க்குக்கு நூற்றுப் பத்து. சின்னதற்கு நூற்று அறுபது. சின்னது பெரியதைவிடக் கனமாக இருக்கிறது.

மறுபடி போட்டார். அதே எண். கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு மனக்கணக்காகப் போட்டார். அதே எண். அப்புறம்தான் பெரிய டேங்க்கின் சுமைத் தாளைத் திறந்து மூன்றாவது வரியில் கையை வைத்துப் பார்த்தார். எண்ணுக்குப் பின்னால் கணக்கே இல்லை. மேல் வரியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் இருந்தது.

“முதல்ல கடிகாரத்தப் பார்த்தேன். பம்ப் எத்தன மணி நேரமா ஓடுதுன்னு எண்ணினேன்,” என்றார் அதைச் சொல்லும்போது.

மணி ஒன்பது நாற்பது. பம்ப் ஓட ஆரம்பித்து இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல். எண்ணூற்றுச் சொச்சம் டன் ஏறியிருக்கும். அந்த உருண்டை நிரம்ப வாயு பிடித்தால் எண்ணூற்று ஐம்பது டன். ஆக, இந்த நிமிடம்வரை பைல்கள் தங்களுக்குச் சொல்லப்பட்ட பாரத்துக்குள்தான் நிற்கின்றன. இன்னும் முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் அந்த அளவைத் தொடும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டன்னும் யாரும் சொல்லாத பாரம். சொல்லியிருக்க வேண்டியவர் அக்கா.

உருண்டைக்கு அடியில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு காலும் எத்தனை மில்லிமீட்டர் தரையில் இறங்குகிறது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். குனிந்து, காலுக்குப் பக்கத்திலேயே நின்றுதான் அளக்க முடியும்.

தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் போனார். குறைச்சல் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பழைய ஷீட், காற்றுச் சோதனை, மூன்றாவது வரி, இருநூறுக்குப் பதில் நூற்றுப் பத்து. “தப்பு என்னோடது சார். பம்ப நிறுத்தணும்.”

அவர் டீயைக் கீழே வைத்தார். கத்தவில்லை. ஒரு தாளை இழுத்துத் தானே கணக்குப் போட்டார். பேனா நிற்காமல் ஓடியது. அவரும் ஒரு காலத்தில் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டவர்தான்.

“சொன்ன பாரத்தப் போல ரெண்டரை மடங்கு தாங்கற மாதிரி இருப்பு வெச்சுத்தான் பைல் போட்டிருக்காங்க. நீ சொல்ற இருநூறு வந்தாக்கூட ரெண்டு மடங்கு ஆகல. தாங்கும்,” என்றார்.

“தாங்கலாம் சார்.”

“தாங்கும்மா. இன்னும் ஒன்றரை நாள்ல தண்ணி நிரம்பிடும். சோதனை ஒரு நாள். அப்புறம் இறக்கிடுவோம். அதுக்கப்புறம் இந்த டேங்க் இருக்கற காலம் முழுக்கப் பாதிப் பாரம்தான். இந்த மூணாவது வரிய உலகத்துல யாரும் திரும்பிப் பார்க்கப் போறதில்ல.”

அவர் சொன்னதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. இதுதான் அக்காவை இன்றுவரை அரிப்பது. பொய் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம். அவர் போட்ட கணக்கைத்தான் அக்காவும் நடைபாதையில் வரும்போதே மனதுக்குள் போட்டிருந்தார். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சான்றிதழ் சுவரில் இருக்கும். பெயர் கெடாது.

“அந்த இருப்பு மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுங்கறதுக்காக வெச்சது சார். என் தப்புக்காக வெச்சதில்ல,” என்றார் அக்கா.

குறைச்சல் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? தண்ணிய இறக்கணும். பைல் புதுசா போடணும். நம்ம செலவுல. இந்த வருஷம் நாப்பத்து மூணு பேருக்கும் போனஸ் கிடையாது. அடுத்த டெண்டர்ல நம்மள உள்ள விடுவாங்களாங்கறதே சந்தேகம்.” கதவைக் காட்டினார். “பத்து நிமிஷம் வெளிய நின்னு யோசிச்சிட்டு வா. நானும் யோசிக்கறேன்.”

அக்கா மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்று கணவருக்குப் போன் போட்டார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுத் தூங்குகிற நேரம் அது.

“என்ன, டிபன் பாக்ஸ மறந்துட்டியா? ஒருநாளாவது என் தூக்கத்த மறந்து தொலையேன்,” என்றார் கணவர்.

“என்னங்க, ஒரு தப்புப் பண்ணிட்டேன்.” சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். சுமைத் தாள் பற்றியெல்லாம் கணவருக்கு விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“கீழ எத்தன பேரு நிக்கறாங்க?”

“பதினோரு பேரு.”

“உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“ஆறு பேரத் தெரியும். மிச்சம் அஞ்சு பேரு புது ஆளுங்க.”

கணவர் எழுந்து உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

“அப்புறம் எங்கிட்ட எதுக்கும்மா கேக்கற?”

“கேக்கலங்க. சொல்லிட்டிருக்கேன்.”

“சரி, சொல்லு. போன வைக்காத. இல்ல, வையி. அவங்களுக்குப் பேசு.”

பத்து நிமிடம் முடியவில்லை. அக்கா கண்ணாடி அறைக்குத் திரும்பவும் இல்லை. சைட்டுக்குப் போன் போட்டார். அங்கே சோதனைக்குப் பொறுப்பாக இருந்த போர்மேனை மட்டம் என்று கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் மட்டப்பலகை இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட அதை வைத்துப் பார்ப்பார் என்பது ஊர்ப் பேச்சு.

“சொல்லுங்கக்கா. உங்க பொண்ணு குளிச்சிட்டிருக்கா. தொப்புள் வரைக்கும் தண்ணி வந்தாச்சு,” என்றார் மட்டம்.

“தம்பி, கால் எவ்வளவு இறங்கியிருக்கு?”

“எல்லாம் ரெண்டு மில்லி. ஏழாவது கால் மட்டும் மூணு. அது கொஞ்சம் ஊதாரி.”

“ஆளுங்க எல்லாரையும் வேலிக்கு வெளிய அனுப்பு. அனுப்பிட்டு பம்ப நிறுத்து.”

மட்டம் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பது புரிந்ததும் குரல் மாறியது. “என்னக்கா ஆச்சு?”

சொன்னார். இப்போது மூன்றாவது முறையாகச் சொல்வதால் இன்னும் சுருக்கமாக வந்தது.

“அக்கா, அளவு அஞ்சு மில்லியத் தாண்டினாத்தான் நானா நிறுத்தலாம். இல்லன்னா ஆபீஸ்ல இருந்து சார் கையெழுத்துப் போட்ட பேப்பர் வரணும். வராம நிறுத்தினா என்னத் தொங்கவிட்டுடுவாங்க.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்றேன். டீசல் தீந்துபோச்சுன்னு எழுதிட்டு நிறுத்தறேன். ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள நீங்க சார்கிட்டப் பேசிப் பேப்பர் வாங்கிடுங்க. சரிப்பட்டு வரலன்னா டீசல் வந்துடுச்சுன்னு திரும்பப் போட்டுக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

நல்ல மனதோடு சொன்ன யோசனை. அக்காவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. திரும்பிப் போகக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் டீசல் வந்துவிட்டால் பம்ப் மறுபடி ஓடும் என்பதும் புரிந்தது. ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்தால், அந்தத் தப்பில்லாத எண்களுக்கு எதிரே, தான் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்போம் என்று அவருக்கே தன்மேல் நம்பிக்கை வரவில்லை.

சோதனைப் பதிவேடு என்று ஒரு கனத்த நோட்டு சைட்டில் இருக்கும். மையில்தான் எழுத வேண்டும், அடிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அதில் ஒரு வரி விழுந்துவிட்டால் அது அந்த டேங்க்கின் ஆயுசு உள்ளவரை இருக்கும்.

“டீசல்னு எழுதாத தம்பி. சுமைத் தாள்ல தப்புன்னு எழுது. தண்ணிப் பாரத்தச் சேக்கலன்னு எழுது. எழுதி, சொன்னது நான்னு என் பேரப் போடு.”

“அக்கா, எழுதிட்டா அழிக்க முடியாது.”

“தெரியும்.”

“வாழ்நாள் முழுக்க இருக்கும் அது.”

“எழுதுடா,” என்றார் அக்கா. அவரை அதற்கு முன்னால் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதே இல்லையாம், தம்பி என்பாரே தவிர. போனை வைக்காமல் மட்டம் எழுதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார் அவர். பிறகு விசில் சத்தம். ஆட்களைக் கூப்பிடும் சத்தம். பிறகு அவ்வளவு நேரமாகப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பம்ப்பின் உறுமல் இறங்கி, இறங்கி, நின்றது. பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

கண்ணாடி அறைக்குப் போய், “நிறுத்தியாச்சு சார். பதிவேட்டுல எழுதியாச்சு,” என்றார்.

குறைச்சல் சார் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து நிறுத்த உத்தரவுப் படிவத்தை எடுத்தார். நிரப்பினார். கையெழுத்துப் போட்டார். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை எல்லாம் துண்டுச்சீட்டில்தான் வரும்.

நின்றதற்குப் பிறகுதான் இந்தக் கதையில் கஷ்டமான பகுதி. இரண்டு நிபுணர்களை வரவழைத்து ஆராய்ந்தார்கள். ஒருவர், நிரப்பியிருந்தாலும் நின்றிருக்கும் என்றார். இன்னொருவர், ஏழாவது காலுக்குக் கீழே களிமண் ஒரு திட்டாக இருக்கிறது, முக்கால்வாசி ஏறும்போதே சாய்ந்திருக்கலாம் என்றார். இருவரும் படித்தவர்கள், இருவரிடமும் கணக்கு இருந்தது. ஆனால் சுமைத் தாள் தப்பு என்று ஆனபிறகு அதே அஸ்திவாரத்தில் சோதிக்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். தண்ணீரை இறக்கி, புதிதாகப் பைல் இறக்கினார்கள்.

ஆபீஸில் இரண்டாவது நிபுணரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. முதல் ஆள் சொன்னதுதான் எல்லோர் வாயிலும். அந்த வருடம் போனஸ் வரவில்லை. கேன்டீனில் அக்கா தட்டோடு போய் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்களுக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். வரைபடப் பிரிவில் இருந்த ஒருவர், லிஃப்ட்டில் அக்கா ஏறும்போதெல்லாம், “பாத்துங்கக்கா, எல்லாரும் சேந்து எத்தன டன்னுன்னு கணக்குப் போட்டுட்டீங்களா?” என்பார். அக்கா படியேறப் பழகிக்கொண்டார். சான்றிதழை அவரே சுவரிலிருந்து கழற்றிக் காகிதம் சுற்றி, பீரோவில் போர்வைகளுக்குக் கீழே வைத்தார்.

வீட்டில் ஒருநாள் மகள் கேட்டுவிட்டாள். “ஏம்மா, அந்த முதல் நிபுணர் நிக்கும்னுதானே சொன்னாரு. நீ பேசாம இருந்திருந்தா எல்லாருமே சந்தோஷமா இருந்திருப்பாங்கள்ல?”

கணவர், “ஏய், வாய மூடு,” என்றார்.

“அவ கேக்கட்டும்ங்க. நானும் அதத்தான் தினமும் கேட்டுக்கறேன்,” என்றார் அக்கா.

என்னிடமும் அப்படித்தான் சொன்னார். நின்றிருந்தால், நாற்பத்து மூன்று குடும்பத்தின் வாயில் மண் போட்டவர் அவர். சாய்ந்திருந்தால், பதினோரு பேரைக் காப்பாற்றியவர். இரண்டில் எது என்று அவருக்கு இனிமேல் தெரியவே தெரியாது. “காப்பாத்தினேன்னு எழுதிடாதீங்க. எனக்குத் தெரியாது அது. நிறுத்தினேன்னு மட்டும் எழுதுங்க,” என்றார்.

எட்டு மாதம் கழித்து இரண்டாவது சோதனை. அக்கா மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சொந்தச் செலவில் பஸ் பிடித்துச் சைட்டுக்குப் போனார். மட்டத்திடம், ஏழாவது காலின் அளவைத் தானே எடுப்பதாகச் சொன்னார்.

“விடுப்புல இருக்கறவங்க வேலிக்குள்ள வரக் கூடாதுக்கா,” என்றார் மட்டம். பிறகு தன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு வேறு ஒன்று தேடப் போனார்.

தண்ணீர் நிரம்பும்போது உருண்டைக்கு வியர்க்கும். உள்ளே குளிர்ந்த தண்ணீர், வெளியே வெயில். தண்ணீர் நிற்கும் மட்டம்வரை வெள்ளைப் பெயின்ட்டின்மேல் ஈரம் பூத்து, ஒரு கோடு தெரியும். அந்த ஈரக்கோடு மேலே மேலே ஏறுவதைக் கீழே நின்று பார்க்கலாம். இரண்டாம் நாள் காலை அது பாதியைத் தொட்டது. போன முறை நின்ற இடம். அக்கா குனிந்து அளவைப் பார்த்தார். இரண்டு மில்லி. எழுதினார். கோடு பாதியைத் தாண்டியது. அவர் அங்கிருந்து நகரவில்லை. மதியம் அளந்தார். சாயங்காலம் அளந்தார். நிழலுக்குக்கூடப் போகாமல், டப்பாவைத் திறந்து அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தாளில் தான் எழுதாமல் விட்ட பாரம் அத்தனையும் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம் உச்சியில் இருந்த குழாயில் தண்ணீர் வழிந்தது. நிரம்பிவிட்டது. ஆயிரத்து எழுநூற்று அறுபது டன்.

காரில் வந்து இறங்கிய குறைச்சல் சார் நேராக ஏழாவது காலுக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு?” என்றார். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

“நாலு மில்லி சார். பத்துக் காலும்.”

அவர் குனிந்து தானும் ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்தபோது முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது. அங்கிருந்து போய்விடவில்லை. பதிவேட்டை வாங்கி, பழைய பக்கத்தைப் புரட்டி, மட்டம் எழுதியிருந்த அந்த வரியைப் படித்தார். அக்காவின் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே தன் பெயரையும் எழுதினார். ஒரு நிமிடம் யோசித்து, ‘சுமைத் தாளைச் சரிபார்க்காமல் அனுப்பியது நான்’ என்றும், அன்றைய தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மட்டம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா குனிந்து ஏழாவது காலை இன்னொரு முறை அளந்தார்.

இப்போதும் இருவரும் அதே ஆபீஸில்தான். அங்கே சுமைத் தாளை யாரும் கம்ப்யூட்டரில் போடுவதில்லை. மூன்று வரியையும் ஒருவர் கையால் கணக்குப் போட வேண்டும், இன்னொருவர் தாளைப் பார்க்காமல் தனியாகப் போட வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. நேரம் பிடிக்கிறது என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். வரைபடப் பிரிவுக்காரர் மட்டும் இன்னும் அந்த லிஃப்ட் ஜோக்கை விடவில்லையாம்.

கதை இவ்வளவுதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், நட்பில், பழைய ஷீட்டைத் திறந்து எண்ணை மாற்றிப் புது வேலை செய்கிறவர்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள். டேங்க்காக இருக்க வேண்டியதில்லை, எதுவாக இருந்தாலும் சரி. அவர்களுக்கு இதை அனுப்புங்கள். ஊருக்கு வெளியே போகும்போது அந்த மாதிரி ஒரு உருண்டை கண்ணில் பட்டால் வண்டியை ஓரம்கட்டி, வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, அதன் கால்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.